நானும் ஹார்லும் நலமாக இருக்கிறோம்

எட்வின் ஹார்லுக்கு உடம்பு சரியில்லை என்பதைப் பெரிய மார்க்கெட் வட்டாரத்தில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். இதில் யாரும் பங்கு கேட்டு வர முடியாது.

ஹார்ல் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு பெரிய ஃபோன் கம்பெனியின் தலைவர். வருஷத்துக்கு ஒரு தடவை மேடையேறி, போன வருஷத்து ஃபோனையே கொஞ்சம் மெலிதாக்கிக் காட்டுவார். உலகம் கைதட்டும். அந்த ஃபோன் ஆறு மாசத்தில் கீழே விழுந்து உடைந்து, மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு வரும். ஆக, எனக்கும் அவருக்கும் தொழில் உறவு உண்டு. அது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் நான் ஃபோனை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் தொளதொளவென்று இருந்தது. பாதிப் பேச்சில் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவைக் கூப்பிட்டு மேடையைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். பக்கத்துக் கடை பக்ருதீன் பாயைக் கூப்பிட்டுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"பாய், இந்தக் கழுத்தப் பாருங்க. நல்லா இருக்கிற மனுசன் கழுத்தா இது?"

பாய் சூட்கேஸ் கடை வைத்திருப்பவர். கழுத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? எனக்கு மட்டும் என்ன தெரிந்துவிட்டது? ஆனால் நான் கேட்ட தோரணையில் அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அட ஆமா கலியபெருமாளு, முத்திப்போச்சு போல இருக்கே" என்றார். அந்த நிமிஷமே நான் டாக்டராகிவிட்டேன்.

கடை வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். எந்த சார்ஜர் வந்திருக்கிறது, எந்தக் கண்ணாடி தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்காக ஆரம்பித்தது. அதில் ஹார்லின் உடல்நிலை பற்றித் தினமும் பேசிப் போட ஆரம்பித்தேன். கம்பெனி, தலைவர் நலமாக இருக்கிறார் என்று அறிக்கை விட்டது. "நல்லா இருக்கிறவனுக்கு இன்னாத்துக்குய்யா அறிக்கை?" என்று கேட்டேன். டாக்டர் சான்றிதழ் வந்தது. "கம்பெனி டாக்டர் வேற எப்டி எழுதுவான்?" என்றேன். ஹார்ல் டென்னிஸ் ஆடும் படம் வந்தது. பழைய படம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அவர் என்ன செய்தாலும் தப்பிக்க முடியாதபடி வழியெல்லாம் அடைத்துவைத்திருந்தேன்.

மரியாதை கூடியது. மீன் வாங்க வந்தவர்கள் கூடையோடு நின்று, "ஹார்லு எப்டி இருக்காரு?" என்று விசாரித்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ராஜாங்கத்தை சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள்; யாரிடமும் சுலபத்தில் பேசமாட்டார். அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நாள் கணக்கா, மாசக் கணக்கா?" என்று கேட்டார். நான் கண்ணை மூடி யோசித்து, "மாசக் கணக்குதான்" என்றேன். எங்கோ உயிரோடு இருக்கும் ஒரு மனிதனுக்குக் கெடு வைக்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம், சொல்தாவே நம்மிடம் கேட்கிறாரே என்பதுதான்.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் கார்குழலிக்கு பிரான்சில், லியோன் நகரத்தில், மேல்படிப்புக்கு இடம் கிடைத்து விசாவும் வந்தது. அவள் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பித்திருந்தாள். விசா வந்தால் வீராம்பட்டினம் அம்மனுக்கு முடி காணிக்கை என்று என் மனைவி செந்தமிழ்ச்செல்வி வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொண்டது அவள், முடி என்னுடையது. எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த விஷயத்தில் ரொம்ப தாராளம்.

இரண்டு நிபந்தனைகள் போட்டாள். மகள் விமானம் ஏறும்வரை வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கண்ணு பட்டுவிடும். மகளுக்கும் மொட்டையின் காரணம் தெரியக்கூடாது. என் பேரைச் சொல்லி எந்தச் சாமியிடமும் போய் நிற்காதீர்கள் என்று அவள் முன்பே சண்டை போட்டிருந்தாள். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். ஆட்டிய தலையை ஆடித் தேருக்கு மறுநாள் வழித்துவிட்டார்கள்.

அதே வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டு பிடுங்கினார்கள். கூழைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. கன்னம் உள்ளே போய்விட்டது. கடையைத் திறந்ததும் பக்ருதீன் பாயிடம் போய், இருப்பதிலேயே பெரிய சூட்கேஸாக ஒன்று கேட்டேன்.

"எங்க பயணம்?"

"சும்மா, வெளியூருக்கு."

"தலை?"

"ஒரு வேண்டுதல் பாய்."

"இன்னா வேண்டுதலு?"

"அத வெளிய சொல்லக்கூடாது."

பாய் என்னையே பார்த்தார். நான் கற்றுக்கொடுத்த பார்வை அது. முதலில் கழுத்தைப் பார்த்தார், பிறகு கன்னத்தை. சூட்கேஸுக்கு விலை சொல்லாமல், "எடுத்துட்டுப் போ, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. இவருக்கு ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டரின் லட்சணம் அப்படி.

சாயங்காலத்துக்குள் மார்க்கெட் முழுக்கச் செய்தி போய்விட்டது. கலியபெருமாள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், மாசக்கணக்கில் தங்குகிறான், அதற்குத்தான் பெரிய பெட்டி. முடி மருந்தில் கொட்டியது, கோயில் மொட்டை என்று சமாளிக்கிறான். யாரோ ஒருவர், புருவம் இருக்கிறதே என்று எனக்காக வாதாடியிருக்கிறார். அது பென்சிலில் வரைந்தது என்று சொல்லி அவரை உட்காரவைத்துவிட்டார்கள்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, ரொட்டி. எனக்கு ஒண்ணுமில்லை என்று சொன்னால், "நீ ஒண்ணும் சொல்ல வேணாம், ஓய்வெடு" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். இதற்குள் பல் ஆறிவிட்டது. வந்த ஹார்லிக்ஸை வீணாக்க மனமில்லாமல் இரண்டு வேளையும் குடித்தேன். கன்னம் மறுபடி உப்பியது. தேறிவிட்டேன் என்று இனிமேலாவது ஒப்புக்கொள்வார்கள் என்று கடைக்குப் போய் உட்கார்ந்தேன். சொல்தா ராஜாங்கம் என்னைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வீக்கம் வந்துடுச்சு, பாவம்" என்று பாயிடம் மெல்லச் சொன்னார்.

இது எல்லாவற்றையும் நான் சிரித்துக்கொண்டே தாங்கியிருப்பேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ரசிக்கவும் செய்தேன். பொட்டலம் கட்டிக்கொண்டு பார்க்க வருகிற அளவுக்கு நமக்கும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று ஒரு கர்வம். பாயின் மனைவி ரமீஜா சென்னைக்கு ஃபோன் செய்து, "பாப்பா, எங்களுக்குக் கூடப் பொறந்தவரு மாதிரி இருக்கிற மனுசன், நீ கிட்ட இருந்து பாத்துக்க" என்று அழுததுதான் வினையாகிவிட்டது.

கார்குழலி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். வாசலில் நின்று என் தலையைப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது?"

வேண்டுதல் என்று சொன்னால் சண்டை வரும். "பொடுகும்மா. வெயிலுக்கும் நல்லாருக்கும்னு..." என்றேன். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த செல்வி சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள். மகள் அதையும் பார்த்துவிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும், தட்டைக் கழுவிக்கொண்டே, எங்கள் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "நான் லியோன் போகல. காலேஜுக்கு வரலன்னு எழுதப் போறேன்."

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பெண் பிரெஞ்சு படித்து, ராத்திரி பகல் பாராமல் எழுதி, இரண்டு தரம் நிராகரித்த பிறகு கிடைத்த இடம் அது. மில்லில் தறி ஓட்டிய என் அப்பாவின் பேத்தி போகப் போகும் இடம். அதை என் வாய் கெடுத்துவிட்டது.

உண்மையைக் கொட்டிவிட்டோம். விசாவுக்காக மொட்டை, உனக்காகப் பெட்டி, எனக்குப் பல். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பொடுகுன்னு சொன்ன. இப்ப வேண்டுதல்னு சொல்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ?"

மறுநாள் காலையிலேயே ரத்தம் கொடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற ரிப்போர்ட்டை வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. தன் ஃபோனை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். என் குரல்தான் கேட்டது. வாடிக்கையாளர் குழுவில் அவளும் இருக்கிறாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கம்பெனி டாக்டர் வேற எப்டி எழுதுவான் என்று கலியபெருமாள் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, எனக்கே ஓர் அறை விடலாம்போல இருந்தது.

அன்று மத்தியானம் கடையில் உட்கார்ந்து குழுவில் பேசிப் போட்டேன். ஹார்லைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சொன்னதெல்லாம் வாய்க்கு வந்தது, எல்லாரும் மன்னிக்க வேண்டும். சட்டை பெரிதாக இருந்திருக்கலாம், தூக்கமில்லாமல் இருந்திருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆண்டவன் அவருக்கு நல்ல ஆயுசு கொடுக்கட்டும். எனக்கும் ஒன்றுமில்லை, யாரும் இனிமேல் ஹார்லிக்ஸ் கொண்டுவர வேண்டாம். போட்ட கையோடு பக்ருதீன் பாய் கடையிலிருந்து எழுந்துவந்து என் தோளைத் தொட்டார்.

"எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கறியேப்பா. அவ்ளோ சீக்கிரமாவா போகப்போற?"

அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. இந்த மனிதரைப் போய் ஏமாற்றினோமே என்று இருந்தது. நானும் அழுதேன். சந்தே நின்று பார்த்தது. அதோடு மிச்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்திருக்கும்.

வீட்டுக்குப் போனபோது கார்குழலி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். படியேறிப் போய்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன்.

"கேட்டியா, குழுவுல போட்டத?"

"கேட்டேன்." ஒரு புடவையை மடித்தாள். "உனக்கு அந்த வியாதி இல்லன்னு எனக்குத் தெரியும்ப்பா. நேத்தே தெரியும். அம்மாவுக்கு உன்ன மாதிரி நடிக்க வராது."

"அப்புறம் இன்னாத்துக்குப் போகலன்ற?"

"வாசல்ல நின்னு கேட்டேன். மொத வார்த்தையே பொய் சொன்ன. யோசிக்கக்கூட இல்ல. நாளைக்கு நெசமாவே ஒண்ணு வந்தா, எனக்கு நீ சொல்லவா போற? நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ. நான் அங்க ஒக்காந்துகிட்டு, வீடியோவ நிறுத்தி நிறுத்தி, ஒன் மூஞ்சப் பெருசாக்கிப் பாத்துகிட்டு இருக்கணும். ஊர்ல எல்லாரும் அந்த ஆளப் பாத்தாங்களே, அது மாதிரி. என்னால முடியாதுப்பா."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துணியை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சத்தியம் செய்யலாம். என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும். அதற்குப் பதிலாக ஒன்றைச் சொன்னேன். அதை நான் செல்வியிடமும் சொன்னதில்லை. ஊரான் கழுத்தையெல்லாம் அளந்த சாமர்த்தியசாலி, இவ்வளவு நேரம் கதை கேட்ட உங்களிடமும் மறைத்துத்தான் வைத்திருந்தேன்.

"படி ஏறினா எனக்கு நெஞ்சு அடைக்குதும்மா."

துணியை முகத்திலிருந்து எடுத்தாள்.

"இப்பவா?"

"இப்பவும்தான். பொங்கலுக்கு முன்னாலேர்ந்தே இருக்கு. கொஞ்ச நேரம் நின்னா விட்டுடும்."

"ரத்தம் குடுக்கப் போனியே, அங்க சொன்னியா?"

"அவங்க கேக்கல. நானும் சொல்லல."

இதோடு எல்லாம் முடிந்தது, இனி இவள் எங்கே போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேற?" என்று கேட்டாள்.

"இடது தோள் சில சமயம் வலிக்கும். ஸ்டூல்ல குனிஞ்சே ஒக்காந்திருக்கறதாலன்னு நெனச்சேன்."

"வேற?"

"அவ்ளோதான்."

"அப்பா."

"நீ போயிட்டா எனக்கு பயமா இருக்கும்."

"எனக்கும்தான்" என்றாள். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வலிக்கிற தோள்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. உடனே நிமிர்ந்து, "இது வலிக்கிற பக்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து சுற்றிவந்து மறுபக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலையில நெஞ்சு டாக்டர்ட்ட போறோம். அவரு இன்னா சொல்றாரோ அதுக்கு அப்புறம்தான் டிக்கெட்டு. உள்ள நானும் வருவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது, நான் பேசிக்கறேன்."

"லியோனுக்கு எழுதிட்டியா, வரலன்னு?"

"இன்னும் இல்ல" என்றாள். "நீ நெசத்தச் சொல்றியான்னு பாத்துகிட்டு இருந்தேன்."