பின்கேட் கேமரா

அந்த ஒரகடம் கம்பெனியில் நிர்வாகம் பார்த்துவந்த சண்முகசுந்தரத்துக்குப் பொது மேலாளர் நாற்காலி மேல் ஒரு கண் அல்ல, இரண்டு கண்ணும் இருந்தன. பின்கேட் வழியாகப் பித்தளைக் கழிவு மூட்டை மூட்டையாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. திருடனைப் பிடித்துக்கொடுத்தால் நாற்காலி உனக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். வாலாஜாபாத்துக்காரரான சண்முகசுந்தரம் விடுவாரா? பின்கேட்டில் கேமராக்களை மாட்டிவிட்டார்.

பின்கேட்டோ வெகு தூரம். சாதாரண ஒயர் தாங்காது என்று ஃபைபர் கேபிள் இழுத்தார்கள். தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சமாக ஓடிவரும் படம், அலுவலகத்தில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியில் ஏறித் திரையில் தெரிய வேண்டும். இந்த வேலைக்கு வந்திருந்த டெக்னீஷியன் நயினார், தென்காசிப் பக்கத்து ஆள்.

பூஜை போடாமல் எதையும் ஆன் செய்கிற வழக்கம் அங்கே கிடையாது. கேன்டீனுக்கு மிக்ஸி வாங்கினால்கூட அதற்கும் மாலை உண்டு. நயினாரைப் பூசணிக்காய் உடைக்க வாசலுக்கு அனுப்பிவிட்டு, சண்முகசுந்தரமே சந்தனம் குங்குமத்தோடு களத்தில் இறங்கினார். திரைக்கு ஒரு பொட்டு, ஸ்விட்சுக்கு ஒரு பொட்டு. செருகுவதற்காக மூடி கழற்றித் தொங்கவிட்டிருந்த ஃபைபர் முனை மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்கும் பக்தியோடு அழுத்தி ஒரு பொட்டு. திரும்பி வந்த நயினார் முனையைப் பார்க்காமலே செருகிவிட்டான்.

முதலாளி வந்து உட்கார்ந்தார். திரை கருப்பாகவே இருந்தது.

"இன்னாபா, ஒண்ணியும் காணோம்?" என்று நயினாரைக் கேட்டார் சண்முகசுந்தரம்.

"வெளிச்சம் வந்து சேர மாட்டேங்கு சார். அங்கன போயி பாத்துட்டு வாரேன்."

பின்கேட் வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஸ்விட்சிலிருந்து முனையை உருவியவன் திகைத்துப்போனான்.

"சார், இதுல குங்குமம்லா அப்பிக் கிடக்கு! யாரு வச்சது?"

"சாமி குங்குமம்யா! தொடச்சிட்டு வேலைய பாப்பியா, கேள்வி கேட்டுக்கினு கீறே!" என்று சீறினார் சண்முகசுந்தரம், முதலாளி முகத்தைப் பார்க்காமல்.

நயினார் முனையையும் அது போய்ச் செருகும் துளையையும் சுத்தமாகத் துடைத்து மறுபடி செருகினான். படம் பளிச்சென்று வந்தது.

பின்கேட்டில் ஒரு லாரி. பட்டப்பகலில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

"சார், மாட்டிக்கினான்!" என்று துள்ளினார் சண்முகசுந்தரம்.

லாரி அருகே நின்று வேலை வாங்கிய மனிதர் நிதானமாகத் திரும்பினார். சுபாஷ். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. சுபாஷின் அப்பா போட்ட பணத்தில்தான் கம்பெனியே ஓடுகிறது என்பது கேன்டீன்காரருக்குக்கூடத் தெரியும்.



"சண்முகம்," என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி. "படம் சரியா தெரியலையே?"

சண்முகசுந்தரம் திரையைப் பார்த்தார். சுபாஷின் சட்டைப் பையிலிருந்த பேனாகூடத் தெரிந்தது.

"ஆமா சார். ஒண்ணுமே தெரியல."

"வண்டி நம்பரே தெரியுதே சார்!" என்றான் நயினார், தன் வேலை ஜெயித்த பெருமையில்.

கேபிள் இழுக்கத் தெரியாதவன் என்று அவனை அன்று மாலையே வேலையிலிருந்து தூக்கச் சொன்னதுதான், பொது மேலாளர் சண்முகசுந்தரத்தின் முதல் உத்தரவு.