கழற்றாத கண்ணாடி

மோதல் நடந்தபோது சிக்னல் பச்சையாக இருந்தது. காரின் முன்கண்ணாடியில் மாட்டியிருந்த கேமராவில் அதற்கு வீடியோவும் இருந்தது. ஆனாலும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், வக்கீலாக இருக்கும் மைத்துனரின் மேசை முன்னால் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார்.

அவர் காரின் பக்கவாட்டில் இடித்த ரொட்டி வேன்காரர், தனக்குத்தான் பச்சை விழுந்தது என்று சாதித்தார். வியாழக்கிழமை விசாரணை. தவறு மாஸ்டர் மேல் என்று முடிவானால், போலீஸ் வாங்கி வைத்திருக்கும் லைசென்ஸ் ஆறு மாதத்துக்குத் திரும்பி வராது. லைசென்ஸ் இல்லாதவரிடம் யார் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வார்கள்?

“போட்டுக் காட்டுங்க மாப்ள,” என்றார் வக்கீல்.

“சத்தம் வேணாம் மச்சான். படத்துலயே பச்சை பளிச்சுன்னு தெரியும்.”

பக்கத்தில் இருந்த மாஸ்டரின் மனைவி நிமிர்ந்தார். “சத்தமும் பதிவாகுதா? ஒரு வருஷமா நான் பேசினதையெல்லாம் அது கேட்டுக்கிட்டா இருக்கு?”

“சொல்லணும்னுதான் நினைச்சேன்...”

“கூட உட்கார்றவங்ககிட்ட சொல்லாம குரலைப் பதிவு பண்ணலாமா மாப்ள? தங்கச்சி கேஸ் போட்டா நான் அவ பக்கம்தான்.”

“அப்ப சத்தத்தை மட்டும் வெட்டிடலாமா?”

“வெட்டினா, ஏன் வெட்டினீங்கன்னுதான் எதிர்த்தரப்புல முதல் கேள்வியே வரும். அதாவது...” வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, காதுக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். “அதாவது, முழுசா கொடுத்தா அது சாட்சி. கை வச்சா அது சந்தேகம்.”

மனைவி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

வீடியோ ஓடியது. ஈரச் சாலை, தூரத்தில் பச்சை விளக்கு, மாஸ்டரின் குரல்: “அதாவது, இந்தக் காபியில் சர்க்கரை இல்லை என்பது என் வாதம். இருக்கிறது என்றால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது!”

மனைவியின் சிரிப்பு வெடித்தது. “அச்சு அசல் அண்ணனேதான்! கண்ணாடியைக் கழட்டலையே?”

“கழட்டினதா நினைச்சுக்கோ. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு, எடுத்தா நேரா ஆஸ்பத்திரிதான். அதாவது...”

தடால்.

வக்கீல் மூன்று முறை திரும்பப் போட்டுக் கேட்டார். ஒவ்வொரு முறையும் மாஸ்டர் நாற்காலிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

“நான் இப்படியா பேசுறேன்?”

வக்கீல் தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

“விளையாட்டுக்குத்தான் மச்சான்...”

“பேசாம இருங்க.” வக்கீல் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். “இதுல ஒரு சொல்லைக்கூட வெட்டக் கூடாது.”

வியாழக்கிழமை விசாரணை அறையில் வீடியோவைப் பார்த்து முடித்ததும், வேன்காரரின் வக்கீல் எழுந்தார். “பச்சையாவே இருக்கட்டும் ஐயா. ஓட்டினவர் நாடகமில்ல போட்டுக்கிட்டிருந்தார்? கேமரா வெளியதான் பார்க்குது. இவர் கை எங்கே இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

விசாரணை அதிகாரி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் மைத்துனரைப் பார்த்தார்.

“கடைசிப் பத்து நொடியை இன்னொரு தடவை கேளுங்க ஐயா,” என்றார் மைத்துனர். தன்னைக் கிண்டலடிக்கும் குரல் அறை முழுக்க ஒலிப்பதைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். தட்டச்சர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

‘ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு’ என்ற இடத்தில் அதிகாரி நிறுத்தினார். “இது யாரைப் பார்த்துச் செய்ற நடிப்பு?”

“அது இந்த விசாரணைக்குத் தேவையில்லைங்க ஐயா.”

“சரி. வேற ஏதாவது சொல்லணுமா?”

மைத்துனர் தொண்டையைச் செருமினார். “அதாவது...” கை தானாகவே மூக்குக்கண்ணாடிக்குப் போனது.

அதிகாரி பேனாவைத் தேடி மேசைக்கடியில் குனிந்தார். பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் எழ வெகு நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தவறு வேன் மேல் என்று எழுதி, லைசென்ஸை மாஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

வெளியே வந்ததும், நசுங்கிய கதவை மனைவி இரண்டு முறை இழுத்துச் சாத்தினார். பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்த வக்கீல் கேட்டார்: “இப்பவும் பதிவாகுதா மாப்ள?”

“ஆகுது மச்சான். முன்கூட்டியே சொல்லிட்டேன்.”

“நல்லது.” வக்கீல் கழுத்தை முன்னால் நீட்டி, மாஸ்டரின் குரலிலேயே அலறினார்: “கிளட்ச்சை விடாதே, விடாதே... ஐயையோ, விட்டுட்டியே!”

மனைவியின் சிரிப்பு இந்த முறையும் முழுசாகப் பதிவாயிற்று.