தண்ணீர் என்று எழுதிய கேன்

எங்கள் எஞ்சின் பட்டறையின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'மது அருந்தியவர் உள்ளே வரக் கூடாது.' என் அப்பா வைத்தது. நாற்பத்தெட்டு வருடங்களாக அந்த வாசலைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. என் சொந்தத் தம்பியே ஒரு முறை தெருவில் நின்று பேசிவிட்டுத்தான் போனான்.

அப்படிப்பட்ட இடத்தில், எஞ்சினியரிங் படித்த என் மருமகள் ஒரு நாள் காலை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "மாமா, டீசல்ல சாராயம் கலந்து எஞ்சின் ஓட்டப்போறேன்" என்றாள்.

"எதைக் கலந்து?"

"எரிசாராயம். நூத்துக்குப் பதினஞ்சு பங்கு. டீசல் மிச்சம், கரும்புகையும் குறையும். பஸ் கம்பெனி மேனேஜர் நேர்ல வந்து பாக்கறேன்னிருக்கார். ஒரு மணி நேரம் நிக்காம ஓடிட்டா அவங்க நாப்பது பஸ்ஸும் நம்ம கைக்கு வரும்."

நான்கு மாதமாகப் பட்டறையில் வேலை இல்லை. ஆறு பேர் ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்து வெள்ளிப் பாத்திரமாக்கி வைத்திருந்தார்கள். இந்த வேலையும் வராவிட்டால் மூடவேண்டியதுதான். மூடிய வாசலுக்குப் பலகை எதற்கு?

ஆனாலும் நான் சுலபத்தில் இறங்கி வருகிறவன் இல்லை. அவள் ஒரு கண்ணாடி ஜாடியில் இரண்டையும் ஊற்றிக் காட்டினாள். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிரிந்து நின்றன. எனக்குப் பெருமையாக இருந்தது.

"பாத்தியாம்மா? டீசலுக்கே மானம் இருக்கு. சேரமாட்டேங்குது."

"அதுக்கும் மருந்து இருக்கு மாமா" என்று மூன்றாவதாக ஏதோ ஒன்றைக் கொஞ்சம் விட்டுக் குலுக்கினாள். ஜாடி தெளிந்து ஒன்றாகிவிட்டது. டீசலின் மானம் அவ்வளவுதான்.

ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். பட்டறைக்குள் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது. வந்து இறங்கிய கேனில் 'எரிசாராயம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, என் கையாலேயே 'தண்ணீர்' என்று எழுதினேன்.

"வேணாம் மாமா, ஆபத்து" என்றாள் மருமகள்.

"கௌரவத்துக்கு ஆபத்து இல்லை" என்றேன்.

மேனேஜர் வந்தார். நாற்காலியில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடைக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடியது; புகை இருக்கிறதா என்று தேடவேண்டியிருந்தது. ஐம்பதாவது நிமிடத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் தொட்டியில் தண்ணீர் இறங்கி ஆவி பறந்தது. எங்கள் ஃபிட்டருக்கு 'அவசரம்' என்று பெயர். முப்பது வருடப் புகையில் மூக்கு செத்துப்போனவன். பக்கத்தில் இருந்த கேனைத் தூக்கி, மூடியைக் கழற்றி, கொதிக்கிற எஞ்சின்மேல் சாய்க்கப் போனான். நான் எழுதிய தாள் என்னைப் பார்த்தது.

"நிறுத்து!" என்று கத்தினேன். எஞ்சினைத்தான் சொல்கிறேன் என்று மருமகள் எஞ்சினை நிறுத்தினாள். அவசரம் நிற்கவில்லை.

"டேய், ஊத்தாதே! அது தண்ணி இல்ல!"

"தண்ணின்னுதானே எழுதியிருக்கு, மொதலாளி?"

"சாராயம்டா! அத்தனையும் சாராயம்! நான்தான் தண்ணின்னு எழுதி ஒட்டினேன்!"

எஞ்சின் அடங்கிய அமைதியில் அது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். வாசலில் நின்ற ஒருவன் சொன்னான்: "நாங்களும் அதைத் தண்ணின்னுதான் சொல்றோம், பெரியவரே!"

தெருவே சிரித்தது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு மணி நேரம் ஆகலை. முதல்லேர்ந்து ஓட்டுங்க" என்றார்.

மறுபடி கலக்கவேண்டியிருந்தது. அவசரம் குழாயடிக்குப் போய் நிஜத் தண்ணீர் பிடித்துவந்து தொட்டியை நிரப்பினான்; கேன் பக்கம் வரவில்லை. மருமகள் அளவு ஜாடியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன். சட்டைக் கை நனைந்தது. எஞ்சின் முழுதாக ஒரு மணி நேரம் ஓடியது.

நாற்பது பஸ்ஸும் வந்துவிட்டன. பலகையை நான் எடுக்கவில்லை. அதில் தடுத்திருப்பது அருந்தியவர்களை; எஞ்சின் அருந்துவதில்லை, எரிக்கிறது என்று மருமகள் விளக்கினாள். விளக்கத்தை ஏற்றுக்கொண்டேன். கேன்களில் இப்போது 'எரிசாராயம்' என்றே எழுதியிருக்கிறது, என் கையெழுத்தில். பிழையில்லாமல் எழுத இந்தக் குடும்பத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?