கட்டைவிரலை எடுக்காதீங்க

அபுதாபியில் அர்பாப் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு அரபு முதலாளி சொந்தச் செலவில் கட்டிக்கொண்டிருந்த ஆயுத மியூசியத்தில், பழைய பொருள்களைச் சீர்செய்து பாதுகாக்கிற வேலை ஜெயபாரதிக்கு. அந்த வாரம் அவள் மேஜைக்கு வந்தது நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு பிஸ்டல். தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்கள் புதிதாக வந்த காலத்தில், தவறிச் சுடாமலிருக்கப் பூட்டை எங்கே வைப்பது என்று ஆளுக்கொரு விதமாகச் செய்து பார்த்தார்கள். இதில் குறி பார்க்கிற பின்பக்கத் தகடுதான் பூட்டு. கீழே அழுத்தினால், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை மறைத்துக்கொள்ளும். பின்னாலிருக்கும் சுத்தியல், ஹேமர், வந்து அடித்தாலும் ஊசியில் படாது. பூட்டு தேய்ந்துபோனதால் விரலை எடுத்ததும் தகடு எழும்பிவிடும்; எழும்பினால் சுடும்.

செயலிழக்கச் செய்தது என்று ஏலத்தில் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். ஆனால் மேல்பகுதி துருவேறி இறுகிக் கிடந்தது. திறக்க முடியவில்லை. முந்தின நாள் தகட்டை அழுத்திக்கொண்டு அவள் இழுத்து நிறுத்திய ஹேமர், விசையைத் தொடாமலே நழுவி விழுந்தது. உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, முஸஃபா தொழிற்பேட்டையில் குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்கும் பட்டறைக்கு அனுப்பினாள். பிஸ்டல் மத்தியானமே திரும்பிவிட்டது. படம் சாயந்திரம்தான் போனில் வந்தது.

தேய்மானம் தெரிந்தது. குழலின் அடியில் மழுங்கிய மூக்கோடு ஒரு நிழலும் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள்.

தோட்டா.

பக்கத்து அறைக்கு ஓடினாள். துபாயிலிருந்து போட்டோ எடுக்க வந்திருந்த ஸ்ரீகாந்த், கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, பூட்டு இயங்குவதைக் காட்ட வலது கையில் பிஸ்டலைப் பிடித்து இடது கட்டைவிரலால் தகட்டை அழுத்திக்கொண்டிருந்தான். ஹேமர் பின்னால் இழுபட்டு நின்றது. எதிரே மியூசியப் பொறுப்பாளர் சுஐபு, காயல்பட்டினத்துக்காரர், வெளிச்சத்துக்காக வெள்ளை அட்டையை நெஞ்சோடு பிடித்து நின்றார். குழல் அவரைத்தான் பார்த்தது.

"சுஐபு பாய், கீழ உட்காருங்க. உடனே."

அவர் உட்கார்ந்தார். ஸ்ரீகாந்த் அவள் பக்கம் திரும்ப முயன்றான்.

"அசையாதீங்க! கட்டைவிரலை எடுக்காதீங்க. உள்ள தோட்டா இருக்கு."

"சர்டிபிகேட்ல..."

"எக்ஸ்ரேல பாத்துட்டேன்."

அவன் கட்டைவிரலை இன்னும் அழுத்தினான். "ஸ்பிரிங் மேல தள்ளுது மேடம். விரல் வழுக்குது."

விளக்குக் கம்பங்கள் சாயாமலிருக்க வைத்திருந்த மணல் மூட்டைகளை சுஐபு தவழ்ந்தபடியே இழுத்துவந்து சுவரோரம் அடுக்கினார். குழலை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். திருப்பும்போது தகடும் எழும்பி ஹேமரும் நழுவினால்?

"முதல்ல என் விரலை நடுவுல வைக்கிறேன்," என்றாள்.

"வேணாம் மேடம்..."

"பேசாதீங்க."

ஆள்காட்டி விரலை ஹேமருக்கும் தகட்டுக்கும் நடுவே நுழைத்தாள். இருவரும் ஒட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். குழல் மூட்டைக்கு நேரே வந்த நொடியில் அவன் கட்டைவிரல் வழுக்கியது. தகடு எழும்பியது. ஹேமர் விழுந்தது.

வெடிக்கவில்லை. அவள் வாயிலிருந்துதான் ஒரு சத்தம் வந்தது. நகம் பிளந்து ரத்தம் வழிந்தது.

ஹேமரை மறுபடி இழுக்க யாருக்கும் துணிவில்லை. சுஐபு போலீசுக்கு அரபியில் பேசினார். அவர்கள் வந்து சேரும்வரை விரல் உள்ளேயே இருந்தது. அழுதுகொண்டே பிஸ்டலைப் பிடித்திருந்த ஸ்ரீகாந்தை அவள் திட்டித் தீர்த்தாள்: கேட்காமல் ஏன் தொட்டான், யாரைக் கேட்டு இழுத்தான். நடுவில் தன்னையும் திட்டிக்கொண்டாள். எக்ஸ்ரே வரும்வரை பிஸ்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டியது அவள்தானே. போலீஸ்காரர் ஹேமரைப் பிடித்துத் தூக்கி விரலை விடுவித்தபோதுதான் அவள் திட்டுவதை நிறுத்தினாள்.

விரல் எலும்பில் கீறல். கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தவள், கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்று கணவன் ரவிசங்கரிடம் சொல்லிவைத்தாள்.

சில நாள் கழித்து சுஐபு கூப்பிட்டார். "போலீஸ்ல அந்தத் தோட்டாவைச் சுட்டுப் பாத்தாங்களாம்க்கா."

"என்னாச்சு?"

"மொத அடியிலேயே வெடிச்சிருக்கு."

போனை வைத்துவிட்டு ஜெயபாரதி சமையலறைக்குப் போனாள். ரவிசங்கர் தோசைக்கல்லின் முன் நின்றான்.

"அடுப்பை அணைச்சிட்டு வாங்க," என்றாள். "கையில பட்டது கதவு இல்ல."