கோர்டனின் சட்டைக்குள்

இரண்டு கைகளையும் சிலுவையில் அறைந்த மாதிரி விரித்துக்கொண்டு ஹோலுக்கு நடுவில் நின்றேன். வெளியே இன்னும் விடியவில்லை. பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் இரவு முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்த கால்கள் என்னுடையவை என்றே சொல்ல முடியாதபடி மரத்துப்போயிருந்தன. இடுப்புக்குக் கீழே வேலைக் காற்சட்டையும் ஓட்டை விழுந்த காலுறையும். இடுப்புக்கு மேலே கடும் பச்சைக் கம்பளித் துணியில் ஒரு சட்டை. அதற்கு ஒரு கைதான் இருந்தது, அதுவும் தோளில் குண்டூசியில் தொங்கியது. என் மனைவி அன்ரனெற் மிச்சக் குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"வயித்தை எக்காதேங்கோ. அந்தாள் எக்கமாட்டார்."

அந்தாள் என்றால் கோர்டன். விட்பியில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற வெள்ளைக்காரன். வார நாட்களில் ரை கட்டின வாத்தியார், சனி ஞாயிறில் நானூறு வருசத்துக்கு முந்திய பிரபு. அவரைப் போல ஒரு கூட்டமே இருக்கிறது. அந்தக் காலத்து உடுப்புப் போட்டு, பார்க்கில் கூடாரம் அடித்து, மண்டபங்களில் மெழுகுதிரி வெளிச்சத்தில் விருந்து வைத்துக் கையால் சாப்பிடுவார்களாம். கையால் சாப்பிடுவதற்கு இவ்வளவு ஆயத்தமா என்று கேட்டேன். அன்ரனெற் சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்கு அவளிடம் அப்போது தென்பு இல்லை.

அவள் வார நாட்களில் ஜக்கற் தைக்கிற பக்டரியில் வேலை செய்தாள். சனிக்கிழமைகளில் பிளாசாவில் இருக்கிற லோண்டரிக் கடையில் காற்சட்டை மடித்துத் தைப்பதும் சிப் மாற்றுவதும். அங்கேதான் கோர்டன் அக்குள் கிழிந்த ஒரு விசித்திரமான சட்டையைப் பையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இவள் இது என்ன கோலம் என்று ஒரு கேள்வி கேட்காமல் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அடுத்த கிழமையே மனிசன் துணியும் படப் புத்தகமுமாக வந்து நின்றார். தபசு கால நோன்பு தொடங்க முதல் அவர்களுடைய பெரிய விருந்து. அதற்கு முழு உடுப்பும் வேண்டும்.

படத்தைப் பார்த்தேன். கழுத்து முட்டப் பொத்தான் தெறிகள் பூட்டின சட்டை, பூசணிக்காய் இரண்டைத் தொடையில் கட்டின மாதிரி ஒரு காற்சட்டை. ஊரில் எங்கள் பூட்டன்மாருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பறங்கிகளும் இப்படித்தான் வந்து இறங்கியிருப்பார்கள். அந்த வெயிலுக்குள் இந்தக் கம்பளியோடு. அதுதான் அவ்வளவு கோபக்காரராக இருந்திருக்கிறார்கள்.

விட்பி எங்கே, நாங்கள் இருந்த ரெக்ஸ்டேல் எங்கே. ஊசி குத்துகிற ஒவ்வொரு தரமும் கோர்டன் வந்து நிற்க முடியாது. அன்ரனெற் அவரை அளந்த கையோடு என்னையும் ஒருநாள் அளந்தாள்.

"நெஞ்சும் ஒண்டு, வயிறும் ஒண்டு. உங்களுக்கு வலத் தோள் கொஞ்சம் சரிவு, அவ்வளவுதான். நீங்கள் நிண்டாக் காணும்."

நான் நன்றாக ஏசினேன். இரவு வேலை செய்துவிட்டு வருகிற மனிசனைப் பிடித்துக் கடைப் பொம்மையாக்குகிறாய், உனக்கு இரக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருந்திட்டா நித்திரையாப் போடுவியள், வந்தபடியே நில்லுங்கோ" என்றாள். நின்றேன். வேறு என்ன செய்வது.

எங்கள் குடித்தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வீட்டுக்குள் வர அவள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பாள். அவள் திரும்பி வர நான் சாப்பாட்டுப் பெட்டியோடு கீழே இறங்குவேன். அவள் எழும்பின சூடு ஆறமுதல் அந்தப் படுக்கையில் நான் விழுவேன். சனிக்கிழமை அவளுக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசை, செத்தவீடு, சாமத்தியவீடு. இப்படியே வருசங்கள் போய்விட்டன. சண்டை பிடிக்கக்கூட எங்களுக்கு நேரம் ஒத்துவரவில்லை. இந்தத் தையலுக்காகத்தான் அவள் இப்போது வேளைக்கே எழும்பினாள்.

கொலர் வைத்த அன்று அவள் என் பிடரியில் விரலை வைத்தாள். குளிர்ந்த விரல். கழுத்தைச் சுற்றி மெதுவாகத் துணியை இழுத்து, தொண்டைக் குழியில் கையை வைத்து, "இறுக்குதோ?" என்று கேட்டாள். எனக்கு உடம்பு ஒருமாதிரிப் போய்விட்டது. கலியாண வயதில் மகள் இருக்கிற மனிசனுக்கு வெட்கம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இல்லை என்று தலையாட்டினேன். வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

கை வேலை செய்ய அவள் வாயும் திறக்கும். பக்டரியில் புதுசாக வந்த பெட்டை அழுதது, மகள் ஸ்டெபனி கொலிச்சில் பாடம் மாற்றப் போவது, தன் இடது முழங்கால் நோகிறது. முழங்கால் நோவது எனக்கு அதுவரை தெரியாது. நான் வேலை வீட்டுக் கதை சொல்வேன். "திரும்புங்கோ" என்பாள். திரும்புவேன். இந்தக் கொஞ்ச நேரத்துக்காக நான் பின்னேரமே காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். என்னைக் காரில் ஏற்றி இறக்குகிற கஸ்பரை, "மிதியடாப்பா" என்று கரைச்சல் கொடுத்தேன்.

"என்ன அண்ணை, வீட்டில குழந்தை கிழந்தை பிறந்திருக்கோ?" என்றான் படுவா.

அப்போதுதான் கோர்டன் என் தலையில் நன்மை செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி பார்க்க வந்தவர், நான் கைகளை விரித்தபடி நின்று கொட்டாவி விடுவதைக் கண்டார். பாவம், களைத்துப்போய் நிற்கிறாரே என்று முகமெல்லாம் வாடிவிட்டது. நல்ல மனிசன். அதுதான் பிரச்சினை. அடுத்த தரம் வரும்போது பள்ளிக்கூட நாடக அறையிலிருந்து ஒரு தையல் பொம்மையைக் கொண்டுவந்து ஹோலில் நாட்டினார். தலையில்லை, கையில்லை, ஒற்றை இரும்புக் கால். ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். ஸ்டெபனி சுருக்கி மொழிபெயர்த்தாள்.

"உங்களை இனி டோச்சர் பண்ணத் தேவையில்லையாம் அப்பா. யூ கான் ஸ்லீப்."

"தாங்யூ" என்றேன். வேறு என்ன சொல்வது? ஐயா, இந்தச் சனியனைக் கொண்டுபோங்கோ, என்ர மனிசி என்னைத் தொடுகிறது இந்த நேரத்தில மட்டும்தான் என்று எந்தப் பாஷையில் சொல்வது?

பொம்மை மெலிந்தது. அன்ரனெற் அதற்குப் பஞ்சும் பழைய சுவெற்றரும் சுற்றி வயிறு வைத்தாள். என் வயிறுதான், பார்த்த உடனே தெரிந்தது. அதன்பிறகு நான் கதவைத் திறந்தால் அவள் அதற்கு முன்னால் குந்தியிருப்பாள். அதன் இடுப்பைச் சுற்றிக் கை போகும். அதன் தோளைத் தடவிச் சுருக்கம் எடுப்பாள். அது நோகுது என்று சொல்லாது, கொட்டாவி விடாது. பேச ஆளில்லாததால் அவளும் பேசுவதில்லை.

"சரியா நிக்குதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா நிக்குது. தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கு. குடிச்சிட்டுப் போய்ப் படுங்கோ, முகத்தைப் பாக்கேலாமக் கிடக்கு."

படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம். நித்திரை வரவில்லை. எழும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லலாம். என்னவென்று? எங்கள் ஆட்கள் இதையெல்லாம் வாயால் சொல்லிப் பழகினவர்களா? ஒரு விடிய எழும்பி வாசல் மட்டும் போனேன். "என்னப்பா, தலையிடியோ?" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து குப்புறப் படுத்தேன். எனக்கு அழுகை வந்தது. துணியைத் தைத்து முடித்தால் பொம்மையும் போய்விடும், பிறகு பழையபடி கதவடியில் ஒருவரை ஒருவர் கடந்து போகிற சீவியம்தான்.

விருந்துக் கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை விடிய, றோட்டெல்லாம் உப்புத் தூவின சேறு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே படுக்கையறைக்குத் திரும்பினேன்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா நில்லுங்கோ."

"ஏன், உம்மட பொம்மைக்கு என்ன?"

"பொம்மையில வடிவாத்தான் இருக்கு. ஆனா அது மூச்சு விடுகுதில்லையே. தெறி பூட்டினபிறகு அந்தாள் சாப்பிடவும் சிரிக்கவும் வேணுமெல்லே."

அடுத்த நாள் கோர்டன் உடுப்பை எடுக்க வருகிறார். அவரே போட்டு, அவரே மூச்சு விட்டுப் பார்க்கலாம். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் கைகளை விரித்தேன்.

சட்டையைப் போட்டுவிட்டாள். கம்பளியின் பாரம் இரண்டு தோளிலும் இறங்கியது. வலப் பக்கம் சரியவில்லை. கோர்டனுக்குத் தேவையில்லாத ஒரு பஞ்சுத் துண்டை அந்தத் தோளுக்குள் அவள் செருகியிருந்தாள். கீழேயிருந்து ஒவ்வொரு தெறியாகப் பூட்டிக்கொண்டு மேலே வந்தாள். கழுத்துத் தெறிக்கு வரும்போது அவளுடைய முகம் என் நாடிக்குக் கீழே இருந்தது. தலைமயிரில் தேங்காயெண்ணெய் மணமும் பக்டரித் துணி மணமும். நரை நான் நினைத்ததைவிடக் கூட.

"மூச்சை இழுங்கோ."

இழுத்தேன். தெறிகள் எல்லாம் ஒருக்காப் பல்லைக் கடித்தன.

"பிடிச்சிருங்கோ." பின்பக்கம் போய் முதுகுத் தையலில் உள்ளங்கையை வைத்தாள். "இப்ப விடுங்கோ. இன்னொருக்கா."

விட்டேன். இழுத்தேன். விட்டேன். உள்ளங்கை முதுகிலேயே இருந்தது. கொஞ்சம் கழித்து அதற்குப் பக்கத்தில் இன்னொரு பாரம் வந்து சாய்ந்தது.

"அன்ரனெற்?"

அணைத்திருந்த ரீவிக் கண்ணாடியில் பார்த்தேன். பிரபு ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய முதுகில் நெற்றியை வைத்து என் மனைவி நின்றபடியே நித்திரையாகிவிட்டாள். அவளுடைய மூச்சு கம்பளியையும் உள்துணியையும் தாண்டி என் முதுகில் சூடாகப் பட்டது.

அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிந்திப் போனால் சுப்பவைசரின் வாயை மூட முடியாது, எழுப்பத்தான் வேண்டும். கால்கள் நடுங்கத் தொடங்கின. கீழே றோட்டில் பஸ் வந்து நின்றது. அதன் வெளிச்சம் சீலிங்கில் நீளமாக ஓடி எங்களுக்கு மேலே நின்றது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தமும் கேட்டது. நான் கைகளை இறக்காமல், அவளுடைய தலை அசையாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன்.