பாரந்தூக்கியின் இடுப்பு

பாரந்தூக்கியின் இடுப்பு மறுபடியும் அசைய மறுத்தது. சித்திரக்கதையில், கிரேன் லாரியாக ஓடிவந்து, கண் இமைப்பதற்குள் எந்திர மனிதனாக எழுந்து, இடிந்துவிழும் கட்டடத்தைத் தலைக்கு மேல் தாங்கிப் பிடிக்கிற வீரன் அவன். மதிப்பீட்டு அறையின் வெள்ளை மேசையிலோ, பாதி லாரியும் பாதி மனிதனுமாக, இரண்டுங்கெட்டானாகக் கிடந்தான்.

"இடுப்பு இறுக்கம்" என்றார் மதிப்பீட்டாளர்.

பொம்மைத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ஜட்ஜய்யா என்றே அழைத்தார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது ஒரு காரணம். சிரிக்கமாட்டார் என்பது இன்னொன்று. உருமாறும் பொம்மை எதுவும் அவருடைய கையைத் தாண்டாமல் கடைக்குப் போனதில்லை. அவருடைய முறை பார்வைக்கு எளியது, பிறருக்கு வராதது. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மட்டுமே பயன்படுத்துவார். அவற்றிலும் தம் பலத்தை அடக்கிக்கொண்டு, ஆறு வயதுக் குழந்தைக்கு எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவை மட்டும் வெளியே விடுவார். எந்தக் கருவியும் சொல்லாததை அந்த இரண்டு விரல்கள் சொல்லும் என்று நிர்வாகம் நம்பியது. அவரும் நம்பினார், நிர்வாகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக.

பாரந்தூக்கியை வடிவமைத்த இளம்பெண் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பொறுமை குறைவு, வாய் அதிகம்.

"ஜட்ஜய்யா, போன தடவை குதிரைவீரனுக்கும் இறுக்கம்னீங்க. அதுக்கு முந்தி பறக்கும் நாய்க்கும் இறுக்கம்னீங்க. ரெண்டையும் தளர்த்தினோம். இப்ப கடையில அதுங்க எப்படி நிக்குதுன்னு பார்த்தீங்களா?"

"நான் கடைப்பக்கம் போறதில்ல."

"போகவே வேணாம். பெட்டி பெட்டியா இங்கேயே திரும்பி வருது. நாய் பறக்கவும் மாட்டேங்குது, நிக்கவும் மாட்டேங்குது. விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி மல்லாந்து கிடக்குது."

"அது பிளாஸ்டிக்கோட குணம்."

அவள் பொம்மையை எடுத்து ஒரு திருகு திருகினாள். தடக்கென்று லாரி மனிதனாயிற்று.

"பாருங்க. எங்கே இறுக்கம்?"

"பிள்ளையோட மழலை பெத்தவளுக்குப் புரியும்மா. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புரியணுமே."

செய்தவளின் கை சாட்சியாகாது என்பது அந்தத் தொழிலின் நியாயம். அவள் அதை மறுக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். "இவன் வேலையே பாரம் தூக்குறது சார். இடுப்பைத் தளர்த்தினா, கையை உயர்த்தினதும் குப்புற விழுவான். நாளைக்கு மேலாளர்கிட்ட முடிவு சொல்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்த்திடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

கேட்டது நியாயமாக இருந்தது. அவள் மறுபடி லாரியாக மடக்கித் தந்த பாரந்தூக்கியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வீட்டில் மனைவியின் தம்பி தன் மகளுடன் வந்திருந்தான்.

"என்ன அத்தான், ஆபீஸ்ல சம்பளத்துக்குப் பதிலா பொம்மை குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களா?"

"குடுத்தாலும் உனக்கு வராது. அக்கா வீட்டுக்கு வந்தா செருப்பை வாசல்லயே விடுடா முதல்ல" என்றாள் மனைவி, உள்ளிருந்தபடியே.

வகுப்பில் தனக்கும் பக்கத்து இருக்கைக்காரிக்கும் நடந்த சண்டையை விவரித்துக்கொண்டே, சிறுமி பாரந்தூக்கியைக் கையில் எடுத்தாள். பொம்மையின்மேல் அவள் கண்ணே இல்லை. தடக். எழுந்து நின்றவனின் கையை உயர்த்தி, அதன்மேல் அவருடைய கண்ணாடிக் கூட்டை வைத்தாள். வீரன் அசையாமல் தாங்கினான்.

"இது ரொம்ப ஈசி மாமா. கஷ்டமா வேற ஒண்ணும் இல்லையா?"

அவர்கள் போகும்வரை காத்திருந்தார். பிறகு, சிறுமியிடம் லாரியாக்கித் தரச் சொல்லி வாங்கி வைத்திருந்த பொம்மையை எடுத்து, இரண்டு விரல்களால் இடுப்பைப் பிடித்தார். அசையவில்லை. பணியில் சேர்ந்த நாள்முதல் செய்யாத ஒன்றை அப்போது செய்தார்: அடக்கிவைத்திருந்த பலம் முழுவதையும் வெளியே கூப்பிட்டார். அது வரவில்லை. மற்ற மூன்று விரல்கள் வந்தன. இடக்கையும் உதவிக்கு வந்தது. பலம் மட்டும் வரவில்லை. இத்தனை நாளும் அவர் எதையும் அடக்கி வைத்திருக்கவில்லை. இருந்ததே அவ்வளவுதான்.

தம்ளரை எடுக்க வந்த மனைவி நின்றாள். "விடுங்க. நான் பண்ணித் தர்றேன்."

"உனக்குத் தெரியுமா?"

"இத்தனை மாசமா வீட்ல இருக்கிற பாட்டில் மூடியெல்லாம் பாதி திறந்து வைக்கிறது யாரு? குழாயைக்கூட இறுக்கி மூடறதில்ல. தண்ணி சொட்டுதுன்னு நீங்கதானே கத்துவீங்க."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? உங்க அண்ணனுக்குச் சொன்னாங்க. என்ன ஆச்சு?"

அண்ணனுக்கும் கட்டைவிரலில்தான் தொடங்கியது. பார்க்காத மருத்துவரில்லை. இப்போது அண்ணி ஊட்டிவிடுகிறாள். வாயைத் துடைத்தும் விடுகிறாள். அண்ணன் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாமா?" என்றாள்.

"நாளைக்கு பொம்மை இருக்கு" என்றார்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. பொம்மை சரியென்று வாயால் சொன்னால் செல்லாது. மதிப்பீட்டாளர் எல்லோருக்கும் முன்னால் அதை ஒருமுறை உருமாற்றிக் காட்டவேண்டும். அதன் பிறகுதான் அது, வார்ப்பச்சு செய்யும் அச்சுப் பிரிவுக்குப் போகும். தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் இடையில் பொம்மைகள் தேறிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவரே. இறுக்கம் என்று சொல்வதற்கோ கை தேவையில்லை. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் நாற்காலி நிலைக்கும், பொம்மை படுத்துவிடும். போகும் வழியெல்லாம் அந்தச் சொல் அவருடைய நாக்கின் நுனியில் வசதியாக உட்கார்ந்திருந்தது. கூட்ட அறைக்குள் போனதும் அதை விழுங்கினார்.

"பொம்மை சரியா இருக்கு" என்றார்.

வடிவமைப்பாளர் தலையை நிமிர்த்தினாள்.

மேலாளருக்கு மகிழ்ச்சி. "அப்படிப் போடுங்க! எங்கே, ஒரு தடவை மாத்திக் காட்டுங்க. அச்சுக்கு அனுப்பிடுவோம்."

எடுத்தார். பிடித்தார். யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பாரந்தூக்கி லாரியாகவே இருந்தான்.

"பொம்மையில குறை இல்ல" என்றார், அதை மேசைமேல் வைத்துவிட்டு. "குறை என் கையில. விரல்ல பலம் போயிடுச்சு. முந்தின ரெண்டுக்கும் நான் சொன்னது தப்பு."

மேலாளர் சிரித்தார்.

"நம்ம ஜட்ஜய்யாவுக்கு இவ்வளவு இளகின மனசா! சின்னப் பொண்ணு ராப்பகலா உழைச்சிருக்காளேன்னு, பழியைத் தூக்கித் தன் கைமேல போட்டுக்கிறாரு பாருங்க."

"இல்ல சார், உண்மையாவே…"

"உண்மையாவே இருக்கட்டும். உங்க கைக்கு வராதது எந்தக் குழந்தைக்கு வரும்? தளர்த்திடும்மா."

"சார், அவர் என்ன சொல்றாருன்னு கொஞ்சம் கேளுங்க" என்றாள் வடிவமைப்பாளர்.

"கேட்டுட்டுத்தானே சொல்றேன். நேத்து இறுக்கம்னு சொன்னாரா, இல்லையா?"

அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. மாதிரிப் பொம்மையின் முதுகில் இருந்த திருகாணியைத் திருப்புளியால் தளர்த்தினாள். யாருடைய முகத்தையும் பார்க்காமல் பொம்மையை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் இரண்டு விரல்களால் தொட்டார். இடுப்பு திரும்பிற்று, மார்பு விரிந்தது, லாரி மனிதனாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளர் அவருடைய தோளைத் தட்டிவிட்டு, அடுத்த பொம்மை எப்போது வரும் என்று உதவியாளரிடம் கேட்டார்.

நடைவழியில் அவள் அவரை மறித்தாள்.

"நீங்க சொன்னது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்புறம் ஏன் மாத்திக் காட்டினீங்க? கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கலாமே. ரெண்டாவது தடவையும் வரலைன்னா அவர் நம்பியிருப்பாருல்ல?"

சரியான கேள்வி. எப்போதும்போல் சரியான விடையைத் தேடினார்.

"கையில எடுத்தேன். மாறுச்சு" என்றார். "சந்தோஷமா இருந்துச்சும்மா."

அவள், பொம்மை மடங்கிவிடாமல் இடுப்பை விரல்களால் பிடித்துக்கொண்டு, அச்சுப் பிரிவை நோக்கிப் படியிறங்கினாள்.