ஞாயிற்றுக்கிழமை லீவுங்க

முத்துப்பேச்சிக்கு வாய் நீளம் என்று என்னைப் பற்றி நல்லூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாய்தான் போலீஸ் வந்து விசாரித்தபோது, கம்பெனி சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தது. "ஞாயித்துக்கெழம லீவு சார்."

ஞாயிறும் எங்கள் பனியன் கம்பெனி ஓடும். பதிவேட்டில் மட்டும் லீவு. வெளிநாட்டு ஆர்டருக்காக, வார லீவு விடுகிறார்களா என்று பார்க்க ஆடிட் வரும்போதெல்லாம் முதலாளி தரணீதரன் எங்களை வரிசையாக நிறுத்தி இதைச் சொல்லப் பழக்குவார். எட்டு வருடப் பழக்கம். கேட்டதும் தானாக வந்துவிட்டது. போலீஸ் கேட்ட அந்த ஞாயிறு மதியம் பெருமாநல்லூரில் ஒருவனைக் கத்தியால் குத்தியதாக எங்கள் கம்பெனி மாரிச்செல்வத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அடப்பாவிகளா! அந்த நேரம் அவன் என் பக்கத்து மிஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தான்.

முதலாளியிடம் ஓடினேன். "இனி மாத்திச் சொன்னீங்கன்னா பொய் சாட்சின்னு உங்களத்தானுங்க ஏழு வருசம் உள்ள போடுவாங்க. கம்முனு இருங்க" என்றார். பயந்துபோய்க் கம்மென்று இருந்துவிட்டேன். பத்து மாதம் அவன் ஜெயிலில் கிடந்தான்.

கேஸ் நடந்தபோது அரசுத் தரப்பே என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது. உண்மையே சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அவன் எலும்பும் தோலுமாக நிற்கிறான்.

"சம்பவத்தன்னிக்குக் கம்பெனி லீவுதானே?" என்றார் அரசு வக்கீல்.

"இல்ல சார், ஓடுச்சு. இவன் பொழுதடையிற வரைக்கும் என் பக்கத்துலதான் தச்சான்."

"போலீஸ்ல லீவுன்னு சொன்னீங்களே?"

"அது பொய் சார்." நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டேன். "அதுக்கு ஏழு வருசம்னா போட்டுக்கிடுங்க அய்யா."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "போலீஸ்ல நீங்க சத்தியம் பண்ணிச் சொல்லலம்மா. இங்க சத்தியம் பண்ணிட்டு, பொய்னு தெரிஞ்சே சொன்னாத்தான் பொய் சாட்சி. இப்பச் சொன்னது உண்மையா?"

"சத்தியமா உண்மை அய்யா."

அடுத்துச் சாட்சிக் கூண்டில் ஏறிய முதலாளிக்கும் நீதிபதி அதையே சொன்னார். தரணீதரன் பதிவேட்டை மூடிவிட்டு, "ஓடுச்சுங்க" என்றார்.

மாரிச்செல்வம் விடுதலையான அன்று, கோர்ட் வாசலில் அவன் அம்மா ஒச்சம்மாளிடம் போனேன். "யக்கா, நான் போலீஸ்ல சொன்னது பொய் சாட்சி ஆகாதுன்னு ஜட்ஜய்யாவே சொல்லிட்டாரு."

அவள் மகனின் கையை விடாமல் என்னைப் பார்த்தாள்.

"இந்தப் பத்து மாசமும் நீ எங்க தாயி போயிருந்த?"